விட்டுப்போன புள்ளிகள்

என் அம்மா போடும் கோலத்துக்குத் திருவல்லிக்கேணியில் எங்கள் தெருவில் ஒரு தனி மதிப்பு உண்டு. மார்கழி மாதம் பிறந்துவிட்டால், பக்கத்து ஸ்டோரிலிருந்து பெண்கள் நோட்டுப் புத்தகமும் கையுமாக வந்து நிற்பார்கள். அம்மா வாய்க்குள்ளேயே பத்தொன்பது, பதினேழு, பதினைந்து என்று கணக்குச் சொல்லிக்கொண்டு புள்ளி வைப்பாள். ஒரு புள்ளி தப்பாது, ஓர் இழை கோணாது.

அப்பேர்ப்பட்ட அம்மாவின் கோலம் 1986-ஆம் வருஷத்து மார்கழியில் கோணிக்கொண்டது. இடது ஓரத்தில் ஒரு வரிசைப் புள்ளி அப்படியே விட்டுப்போயிருக்கும். எதிர்வீட்டு மாமி ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "என்ன மாமி, இந்தப் பக்கம் கோலத்தைக் காக்காய் கொத்திண்டு போயிடுத்தா?" என்று கேட்டுவிட்டாள். அம்மாவுக்கு வந்த ரோஷத்தைப் பார்க்கவேண்டுமே! "பனியிலே மாவு கரைஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கோலத்துக்கு அப்புறம் காப்பி. டவராவில் விழவேண்டிய காப்பி தரையில் விழுந்தது. பக்கத்தில் வைத்திருக்கும் டம்ளரைக் கை தட்டிவிடும். அப்புறம் வாசற்படி. நாற்பது வருஷம் ஏறி இறங்கிய படியில் அம்மாவுக்குக் கால் இடறியது. "உன் மனசு எங்கேயோ இருக்கு" என்பார் அப்பா. நாங்கள் சிரிப்போம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, நானும்தான் சிரித்தேன்.

கண்ணிலே கோளாறு இருக்கும் என்று ஒருவருக்காவது தோன்றியதா என்று கேட்பீர்கள். தோன்றவில்லை. ஏனென்றால் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் ஊசியில் நூல் கோத்துவிடுவாள். அரிசியில் கல் பொறுக்குவாள். பஞ்சாங்கத்தில் உள்ள பொடி எழுத்தை வாசிப்பாள். ஊசியில் நூல் கோக்கிறவளுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்றால் யார்தான் நம்புவார்கள்? இருந்தாலும் மூன்று தடவை மூக்குக் கண்ணாடியை மாற்றிப் பார்த்தோம். மூன்று கடைக்காரர்களும் எழுத்து அட்டையை வாசிக்கச் சொன்னார்கள்; அம்மா கடகடவென்று வாசித்துவிட்டாள்.

1989-இல் ஒரு நாள் சாயங்காலம் பார்த்தசாரதி கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்புகையில், தெரு ஓரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த சைக்கிள் ரிக்ஷாவில் போய் முட்டிக்கொண்டாள். நெற்றியில் தையல் போட்டார்கள். தையல் போட்ட டாக்டர்தான் முதன்முதலாகச் சந்தேகப்பட்டுக் கண் டாக்டரிடம் அனுப்பினார். கண் டாக்டர் வெகு நேரம் பார்த்தார். பிறகு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "வலது கண் பெரும்பாலும் போய்விட்டது. இடது கண்ணில் நடுவில் ஓர் ஓட்டை அளவுக்குப் பார்வை இருக்கிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம்" என்றார்.

கிளாக்கோமா என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் கேள்விப்பட்டோம்.

அம்மா 2004 வரையில் இருந்தாள். கடைசி ஆறு வருஷம் எங்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டாள். மார்கழியில் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு புள்ளிக் கணக்கைச் சொல்வாள், நான் வைப்பேன். "இடது ஓரம் விட்டுடாதே" என்பாள் ஒவ்வொரு நாளும்.

இந்த நோயைப் பற்றிப் பிற்பாடு நான் தெரிந்துகொண்டதைச் சமையலறைப் பாஷையில் சொல்கிறேன். கண்ணுக்குள்ளே, முன்பக்கத்தில், தெளிவான ஒரு திரவம் சதா ஊறிக்கொண்டே இருக்கிறது. இது நாம் அழும்போது வருகிற கண்ணீர் இல்லை, அது வேறே. உள்ளே ஊறுவது ஊறினபடியே வடிந்தும் போகவேண்டும். கருவிழி ஓரத்தில், கோணம் போன்ற ஓர் இடத்தில், சல்லடை போன்ற வடிகால் இருக்கிறது. அது சரியாக வடியாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் சில சமயம் வாய் திறந்துதான் இருக்கும்; ஆனால் குழாய்க்குள்ளே பிசுக்கு ஏறித் தண்ணீர் மெதுவாக இறங்கும், இல்லையா? அந்த மாதிரிதான் திறந்த கோணக் கிளாக்கோமா. கோணம் அடைபட்டுப்போகிற இன்னொரு வகை உண்டு. அது திடீரென்று முற்றினால் தலைவலி, வாந்தி, கண் சிவப்பு என்று ஊரைக் கூட்டும். திறந்த கோணக்காரன் பரம சாது. வலி இல்லை, சிவப்பு இல்லை, அரிப்பு இல்லை. கண்ணையும் மூளையையும் சேர்க்கிற நரம்பில் சுமார் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே போகிறான்.

அறுபடுவது முதலில் ஓரத்துப் பார்வை. அந்த இடம் கறுப்பாகத் தெரிந்தாலாவது பயந்துகொண்டு ஓடுவோம். கறுப்பாகத் தெரிவதில்லை. ஒரு கண்ணில் இல்லாததை மற்ற கண் ஈடுகட்டும். மிச்சத்தை மூளை இட்டு நிரப்பிவிடும். நடுப் பார்வை கடைசி வரையில் நிற்கும். அம்மா ஊசியில் நூல் கோத்ததன் ரகசியம் இதுதான்.

இதெல்லாம் அம்மாவோடு போயிற்று என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

2019-ஆம் வருஷம் ஆவணி மாதம். எனக்கு ஐம்பத்தொன்பது வயது. பழைய கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது, புதிதாக ஒன்று எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் பெண் வயதுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. நம்பரைப் பார்த்துவிட்டு, "குடும்பத்தில் யாருக்காவது கிளாக்கோமா உண்டா, அம்மா?" என்று கேட்டாள்.

"என் தாயாருக்கு இருந்தது. ஆனா அது வயசாயிட்டதாலே வந்தது."

"எத்தனை வயதில்?"

"ஐம்பத்தாறு" என்று சொல்லும்போதே எனக்குச் சுருக்கென்றது. என்னைவிட மூன்று வயது சின்னவள்!

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் நடந்தது ஒரு பரீட்சை. நாற்பது தாண்டியாகிவிட்டதா? அது ஒரு மார்க். வயது ஏற ஏற மார்க்கும் ஏறும். பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது உண்டா? அதற்குப் பெரிய மார்க். கிட்டப்பார்வையா, எத்தனை நம்பர்? பள்ளிக்கூடத்திலேயே எனக்குச் 'சோடாப் புட்டி' என்று பட்டப்பெயர், மைனஸ் ஏழு. அதற்கும் மார்க். சர்க்கரை உண்டா என்று கேட்டாள். அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறதாம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேனா, எந்த வேளையில் என்றும் கேட்டாள். இது எனக்குப் புதிராக இருந்தது. இரவில் ரத்த அழுத்தம் ரொம்பவும் இறங்கிவிட்டால் கண் நரம்புக்கு ரத்தம் போதாமல் போகக்கூடும் என்று விளக்கினாள். ஸ்டீராய்டு மருந்து எதுவாவது, மாத்திரையோ, சொட்டோ, களிம்போ, மூச்சுக்கு இழுப்பதோ? இல்லை என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு நிறைய மார்க் வாங்கிய பரீட்சை இதுதான்.

கண்ணை மரத்துப்போகச் செய்யும் ஒரு சொட்டு. பிறகு நீல விளக்கு ஒன்று கண்ணை மெதுவாகத் தொட்டது. அழுத்தம் 19. "இருபத்தொன்று வரை சாதாரணம் என்பார்கள்" என்றாள் டாக்டர். அப்பாடா என்று நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "உட்காருங்கள் அம்மா" என்று கருவிழியின் தடிமனை அளந்தாள். மெல்லிசு. அதுவே ஓர் அபாயக் குறி; போதாததற்கு, கருவிழி மெல்லிசாக இருந்தால் கருவி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டிவிடும். அழுத்தம் சாதாரணமாக இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் அநேகம் பேர் உண்டாம். ஆகவே பாப்பாவை விரியவைத்து நரம்பைப் பார்க்காமல் விடக்கூடாது. விரியவைத்தாள். அன்று முழுவதும் எனக்குக் கையிலிருந்த டோக்கன் நம்பர்கூடத் தெரியவில்லை.

பார்வைப் பரப்பைச் சோதிக்கும் மெஷினுக்கு மறுபடி ஒரு நாள் வரச் சொன்னார்கள். பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, நடுப்புள்ளியையே பார்த்தபடி, ஓரத்தில் மினுக்கென்று வெளிச்சம் வரும்போதெல்லாம் பொத்தானை அமுக்கவேண்டும். வெகு நேரம் ஒன்றுமே வராத மாதிரி இருந்தது. மெஷின் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். பிற்பாடு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். வலது கண்ணில், மூக்குப் பக்கத்து ஓரத்தில், ஒரு கறுப்புப் பிறை. அங்கே புள்ளிகள் வந்திருக்கின்றன, நான்தான் பார்க்கவில்லை.

அம்மாவின் கோலம் ஞாபகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், அழாதீர்கள்" என்று டாக்டர் தேற்றினாள். இரவில் ஒரு சொட்டு, ஆயுசு முழுக்க. சொட்டினால் பிரயோஜனம் உண்டா என்று கேட்டேன். அமெரிக்காவில், கண் அழுத்தம் மட்டும் அதிகமாகி நரம்பு இன்னும் கெடாத 1,636 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடத்தி, 2002-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். மருந்து போடாதவர்களில் ஐந்து வருஷத்துக்குள் நூற்றுக்கு 9.5 பேருக்கு நோய் வந்ததாம், போட்டவர்களில் 4.4 பேருக்குத்தான். பாதிக்கும் குறைவு! கருவிழி மெல்லிசாக இருப்பது அபாயம் என்று அழுத்தந்திருத்தமாகச் சொன்னதும் அதே ஆராய்ச்சிதான்.

நான் எழுந்திருக்கும்போது டாக்டர் கடைசியாகக் கேட்டாள்: "கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்களா? உடனே வரச்சொல்லுங்கள். அம்மாவுக்கு மட்டும் என்றால் ஒரு கணக்கு. இப்போது உங்களுக்கும் வந்துவிட்டது. உடன்பிறந்தவருக்கு இருந்தால் அபாயம் இன்னும் அதிகம்."

எனக்கு ஒரே அண்ணா. என்னைவிட ஏழு வயது பெரியவன், நங்கநல்லூரில் இருக்கிறான். அன்றைக்குச் சாயங்காலமே டெலிபோன் பண்ணினேன். மன்னிதான் எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை.

"நீ இப்போ இதை அண்ணாகிட்டே சொல்லாதேடி" என்றாள் மன்னி. "பொண்ணுக்கு அந்தப் பெங்களூர் இடம் கூடி வந்திருக்கு. ஜாதகம் அவ்வளவு நன்னாப் பொருந்தியிருக்கு. உங்க அண்ணா வாய் சும்மா இருக்குமா? ஊரெல்லாம் சொல்லிண்டு வருவார். பாட்டிக்குக் கண் போச்சு, அத்தைக்கும் வந்திருக்கு, அப்பாவுக்கும் வந்திருக்குன்னா பையன் வீட்டிலே என்ன நினைப்பா? தையிலே கல்யாணம் முடியட்டும். மறுநாளே நானே அழைச்சுண்டு போறேன்."

இதைப் படிக்கிற சகோதரிகளில் எத்தனை பேர் மன்னியைத் திட்டுவீர்களோ தெரியாது. என்னால் திட்ட முடியவில்லை. இருபத்தேழு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு, மூன்று வருஷம் வரன் தேடிய தாயார் அவள். மெதுவாகத்தானே போகிற வியாதி, ஐந்து மாதத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

2020 பிப்ரவரியில், தை முடிவதற்குள், கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. சம்பந்தி மாமி நல்ல மனுஷி. அண்ணா ஒரு தடவை பந்தியில் பாயசக் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. மறுவீடு, திருப்பதி, அது இது என்று ஒரு மாதம் ஓடிற்று. மார்ச்சு மாதக் கடைசியில் ஊரடங்கு வந்தது. அறுபத்தேழு வயது மனிதனை அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் யார் அழைத்துப் போவார்கள்? வாசலில் வைத்த பால் பாக்கெட்டையே கழுவிக்கொண்டிருந்தோமே!

அக்டோபர் மாதம் நங்கநல்லூர் போனேன். அண்ணா வழக்கம்போல ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பக்கத்து ஸ்டூலில் ஒரு சொட்டு மருந்துப் புட்டி. என்னவென்று கேட்டேன். "கண் அரிப்புக்கு. ரொம்ப நாளா போட்டுண்டிருக்கேன். ரெண்டு சொட்டு விட்டா ஜில்லுன்னு அரிப்பு போயிடும்" என்றான். எத்தனை நாளாக? எட்டு வருஷமாக! எப்போதோ ஒரு டாக்டர் பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு, அரிக்கும்போதெல்லாம் தெருமுனை மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறான். கடைக்காரரும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டீராய்டு.

எனக்குக் கை நடுங்கியது. டாக்டர் எனக்குச் சொன்னது அப்படியே காதில் ஒலித்தது: ஸ்டீராய்டுச் சொட்டைத் தொடர்ந்து போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறிவிடும், குடும்பத்தில் கிளாக்கோமா உள்ளவர்களுக்கு அப்படி ஏறும் அபாயம் அதிகம். அன்றைக்கே சொல்லியிருந்தால், கண்ணைச் சோதிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் புட்டியாவது அவன் கையைவிட்டுப் போயிருக்கும். (இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமாவுக்கும் மூட்டு நோய்க்கும் டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டைப் பயந்துகொண்டு யாரும் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது வேறு ஆபத்து. சாப்பிடுகிறேன் என்று கண் டாக்டரிடம் சொல்லிவையுங்கள், அது போதும்.)

"எனக்கென்ன, வரன் விளம்பரத்துப் பொடி எழுத்தே தெரியறது" என்று அண்ணா வாதாடினான். நான் ஊசியில் நூல் கோத்த அம்மாவை ஞாபகப்படுத்தினேன். பேச்சு நின்றுவிட்டது. மறுநாள் மூன்று பேருமாக முகமூடி கட்டிக்கொண்டு போனோம். இடது கண்ணில் அழுத்தம் 34. அந்தக் கண்ணின் பரப்புக் காகிதம் முக்கால்வாசி கறுப்பு. வலது கண் பரவாயில்லை.

"போன வருஷமே வந்திருந்தால்?" என்று டாக்டரை நான்தான் கேட்டேன். இதில் எவ்வளவு போன வருஷம் போனது, எவ்வளவு அதற்கு முன்னாலேயே போனது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது என்றாள் அவள். பொய் சொல்லாமல் ஆறுதலும் சொல்லாமல் ஒரு பதில். அதை இன்றுவரை நான் சுமந்துகொண்டிருக்கிறேன். திரும்பி வரும்போது மன்னி டாக்ஸியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அண்ணாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஸ்கூட்டர் சாவியை எடுத்து மன்னி கையில் கொடுத்து, "இனிமே கறிகாய்க்கு நீயே ஆட்டோவிலே போய்க்கோ" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்ன கடுஞ்சொல்.

எங்கள் வீட்டுக் கதைதான் அபூர்வமோ என்று நினைத்தேன், இல்லை. சங்கர நேத்ராலயாவின் ஆராய்ச்சிப் பிரிவு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைச் சோதித்திருக்கிறது. திறந்த கோணக் கிளாக்கோமா பட்டணத்தில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் இருந்தது. கிராமத்தில் அதில் பாதி. அப்படி நோய் இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல், தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. அத்தனை பேர் வீட்டிலும் டம்ளரைத் தட்டிவிடுகிற ஒருவரைப் பார்த்து யாரோ சிரித்துக்கொண்டிருந்திருப்பார்கள்!

2022-இல் அண்ணா பெண்ணுக்குச் சீமந்தம். பெங்களூரிலிருந்து சம்பந்திகள் வந்து நங்கநல்லூரிலேயே தங்கினார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு என் கைப்பேசியில் மணி அடிக்கும், சொட்டு மருந்து வேளைக்கு. அண்ணா கைப்பேசியிலும் அடிக்கும். அன்றைக்குச் சம்பந்திகள் எதிரே எப்படிப் போட்டுக்கொள்வது என்று மன்னி என்னைக் கண்ணால் ஜாடை காட்டிச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். ஃப்ரிட்ஜைத் திறந்து தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் கையை விட்டேன். என் புட்டிக்கும் அண்ணா புட்டிக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு புட்டி, கைக்குட்டையில் சுற்றியபடி இருந்தது.

"அது என்னுது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சம்பந்தி மாமி!

"பத்து வருஷமாப் போட்டுண்டிருக்கேன். எங்க அப்பாவுக்கும் இருந்தது" என்றாள் மாமி, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே. "கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். கண்ணு போற குடும்பம்னு நீங்க என்ன நினைச்சுப்பேளோன்னு, இவர்தான் வேண்டாம்னுட்டார்."

மன்னி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்வது கஷ்டம்.

சத்தம் கேட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். அண்ணா பெண் இரண்டு நிமிஷத்தில் விஷயத்தை வாங்கிக்கொண்டாள். "ஆக, இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு, எங்க ரெண்டு பேருக்கும் யாரும் சொல்லலை" என்றாள். ஒருவரும் பதில் பேசவில்லை. அடுத்த வாரமே புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தார்கள். இப்போதைக்கு இருவருக்கும் நரம்பு சுத்தமாக இருக்கிறது. வருஷம் ஒரு தரம் வரச்சொல்லியிருக்கிறார்களாம்.

அன்று ராத்திரி கூடத்தில் வரிசையாக நாற்காலி போட்டு நாங்கள் மூன்று பேரும் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டோம். ஆளுக்கு ஒரு சொட்டு. பிறகு கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் அழுத்திக்கொண்டு இரண்டு நிமிஷம் இருக்கவேண்டும், மருந்து தொண்டைக்கு இறங்காமல். அந்த இரண்டு நிமிஷமும் பேச்சே இல்லை. அப்புறம் சம்பந்தி மாமி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"ஏன் மாமி, இந்த மருந்துக்கு உங்களுக்கும் இமை மயிர் நீளமா வளர்றதோ?"

"வளர்றதே!" என்றேன். "பெண் பார்க்க வந்த காலத்திலே வளர்ந்திருக்கப்படாதோ?"